மகாவலிக் கரையின் காட்டுப்பூக்களும் வந்தேறிகளும்

பல்லேகல என்றவுடன் உலகெங்கும் வாழும் தமிழர்களில் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது அங்குள்ள கிரிக்கெட் மைதானம்தான். 2011 உலகக் கோப்பைப் போட்டிகள் சில அங்கே நடைபெற்றன. கண்டி நகரிலிருந்து கிழக்கே தெல்தெனிய செல்லும் வழியில், மகாவலி கங்கை வளைந்தோடும் தும்பறைப் பள்ளத்தாக்கில் அமைந்திருப்பது இவ்வூர். இதன் வரலாற்றை அறிய ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும் என்பதில்லை. ஆற்றோரத்திலும் அதற்கு மேலுள்ள புல்வெளிகளிலும் பூத்திருக்கும் பூக்களை இனங்காண ஒருவர் துணைக்கு வந்தால் போதும்; இருநூறு ஆண்டுக் கதை கண்முன் விரியும்.

ஐரோப்பாவில், குறிப்பாக இங்கிலாந்தில், காட்டுப்பூக்களைக் காண்பதற்கென்றே மக்கள் கூட்டமாக நடந்து செல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அறிந்தவர் ஒருவர் முன்னே செல்வார். மற்றவர்கள் குறிப்பேட்டுடன் பின்தொடர்வார்கள். ஆற்றங்கரைப் புல்வெளிகளும், சீமைச் சுண்ணாம்புக் குன்றுகளில் ஆடுகள் மேய்ந்து மேய்ந்து உருவான குட்டைப் புல்வெளிகளும் அவர்களுக்கு யாத்திரைத் தலங்கள். நம் பக்கத்தில் சீமைச் சுண்ணாம்புக் குன்று கிடையாது. ஆயினும் பல்லேகலவுக்கு அடுத்துள்ள திகனவில் டொலமைட் எனப்படும் சுண்ணாம்பு இனக் கல்லை அகழ்ந்தெடுக்கிறார்கள். அதற்கு மேலே, நக்கிள்ஸ் மலைச் சரிவுகளில், 'பத்தனை' என்று சிங்களத்தில் வழங்கும் புல்வெளிகள் விரிந்து கிடக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு செப்டெம்பர் மாதத்தில் இத்தகைய நடை ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் எங்களை அழைத்துச் சென்றார். சிங்களவர், தமிழும் ஓரளவு பேசுவார். ஆற்றங்கரையில் அவர் தொடங்கிய விதமே என்னைக் கவர்ந்தது. "இங்கே கண்ணைப் பறிக்கிற எதுவும் இந்த மண்ணுக்கு உரியதல்ல. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்" என்றார்.

உண்மைதான். மஞ்சளும் செம்மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்த உண்ணிச்செடி, வெப்பமண்டல அமெரிக்காவுக்கு உரியது. 1826 இல் பேராதனைத் தாவரவியற் பூங்கா வழியாக அலங்காரச் செடியாக இலங்கைக்குள் நுழைந்தது. கண்டிச் சாலைகளின் இருமருங்கும் ஆளுயரத்துக்கு நிற்கும் காட்டுச் சூரியகாந்தி மெக்சிகோ நாட்டது. அது வந்தது 1851 இல். காலடியில் சுருங்கும் தொட்டாற்சிணுங்கியும் அமெரிக்கக் கண்டத்ததே. சரிவெங்கும் மண்டியிருக்கும் கினியாப் புல், பெயரே சொல்வதுபோல, ஆப்பிரிக்காவிலிருந்து கால்நடைத் தீவனமாகக் கொண்டுவரப்பட்டது. தொட்டாற்சிணுங்கியின் முட்புதர்த் தமையனான மிமோசா பிக்ரா எல்லோருக்கும் பின்னால் வந்தது. 1990களின் பிற்பகுதியில் கண்டிப் பகுதி மகாவலிக் கரையில் அது கண்டறியப்பட்டது. அதன் மயிர் படர்ந்த காய்த்துண்டுகள் நீரில் மிதந்து செல்வதால் ஆறே அதற்கு வாகனமாயிற்று. இன்னொரு வரவான ஆகாயத்தாமரையை ஒழிப்பதற்கு 1909 இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஒரு பூவுக்கு எதிராகச் சட்டம்!

இவற்றில் பலவற்றுக்கு வாயில் திறந்துவிட்ட பேராதனைப் பூங்காதான், மண்ணுக்குரிய செடிகளைப் பதிந்து வைத்த நிறுவனமும் ஆகும். 1821 இல் அதனைத் தொடக்கிய அலெக்சாண்டர் மூன், 1824 இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியலைச் சிங்களப் பெயர்களுடன் வெளியிட்டார். மறு ஆண்டே இறந்துபோனார். அதன்பின் த்வெயிட்ஸ் வந்தார். 1880 இல் பொறுப்பேற்ற ஹென்றி டிரைமென், இலங்கைத் தாவரக் கையேட்டை 1893 முதல் வெளியிடத் தொடங்கினார். அவரும் பணி முடியுமுன் 1896 இல் மறைந்தார். எஞ்சிய தொகுதிகளை 1900 ஆம் ஆண்டுக்குள் ஜோசப் ஹூக்கர் முடித்து வைத்தார். இந்த வெள்ளையர்களின் பெயர்களுக்குப் பின்னால் ஹர்மானிஸ் த அல்விஸ் என்ற சிங்கள ஓவியரும் அவர் புதல்வர்களும் இருந்தார்கள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. பேராதனையின் செடிகளைத் தலைமுறை தாண்டி வரைந்தவர்கள் அவர்களே.

டிரைமெனின் கையேட்டில் தமிழ்ப் பெயர்களும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு போன்ற வறண்ட நிலங்களின் செடிகளுக்கு உரியவை. மலைச் செடிகளுக்கு வரும்போது தமிழ்ப் பெயர் அருகிவிடுகிறது. மலையில் தமிழர் இல்லாமலா? கையேடு அச்சேறிய காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களில் இலட்சக்கணக்கான தமிழர் உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் வந்த கதை வாசகர்கள் அறிந்ததே. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, மன்னாரில் இறங்கி, காடுகளூடாக மாத்தளை வரை நடந்தவர்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். ஆர். பி. டைட்லர் என்ற துரை மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிச் சாகுபடி முறையை 1837 அளவில் இங்கே புகுத்தினார். தும்பறைக் காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. 1869 இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழித்தபோது, அதே டைட்லர் தும்பறையில் கொக்கோப் பயிரின் முன்னோடியானார். கோப்பியும் வந்தது, கொக்கோவும் வந்தது, உண்ணிச்செடியும் வந்தது, நம்மவரும் வந்தார்கள். செடிகள் வந்த ஆண்டு பதிவாகியிருக்கிறது. மனிதர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பதிவுகூட இல்லை.

நண்பகலுக்குப் பின் வானில் ஏறி ஹுன்னஸ்கிரிய தாண்டிய புல்வெளிக்குச் சென்றோம். அங்கேதான் மண்ணுக்குரிய பூக்கள் இருந்தன. எல்லாம் சிறியவை, குனிந்து தேட வேண்டியவை. ஊதா இதழ்களுக்கு நடுவே மஞ்சள் மகரந்தக் கம்பிகளுடன் 'பினர' பூத்திருந்தது. செப்டெம்பரை ஒட்டிய சிங்கள மாதத்தின் பெயரும் பினர என்பதே. மானாப் புல்லுக்கு இடையே, தீயைத் தாங்கும் தடித்த பட்டையுடன் ஆயமா மரங்கள் நின்றன. இப்புல்வெளிகள் இயற்கையானவையா, மனிதன் இட்ட தீயால் உண்டானவையா என்ற கேள்வி பழையது. ஹரோல்ட் பியர்சன் என்ற ஆய்வாளர் 1899 இலேயே பத்தனைகளின் தாவரவியல் பற்றி விரிவாக எழுதினார். பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவின் கேர்ஸ்டன்போஷ் பூங்காவை நிறுவியவர் அவரே. விவாதம் அவரோடு முடிந்துவிடவில்லை. புல்லே கூட எந்த அளவுக்கு 'இயற்கை' என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாத இடம் அது.

அங்கே மானாப் புல் அறுத்துக்கொண்டிருந்த வயதான தோட்டத்து அம்மா ஒருவரைச் சந்தித்தோம். அருகில் நின்ற இளஞ்சிவப்புப் பூச்செடியைக் காட்டி அதன் பெயரைக் கேட்டேன்.

"போவிட்டியா தானுங்க ஐயா. மஞ்சக்காமாலைக்கு இந்த எலையத்தான் அவிச்சுக் குடிப்போம். எங்க அம்மாயி காட்டிக் குடுத்தது" என்றார்.

ஆசிரியர் வியந்தார். சிங்கள மருத்துவத்தில் அதே செடி ஈரல் நோய்க்குப் பயன்படுவதாகச் சொன்னார். பெயரும் சிங்களப் பெயரே. அதை அண்டைக் கிராமத்தாரிடம் கேட்டு, கைமருந்தாக்கி, பேத்திக்குக் கொடுத்திருக்கிறார் ஓர் அம்மாயி. மூன்று தலைமுறைக்கு மேல் புழங்கிய அறிவு. எந்தக் கையேட்டிலும் அது 'தமிழ்ப் பெயர்' என்ற இடத்தில் ஏறாது.

மண்ணுக்கு உரியவர் யார் என்ற கேள்வி இந்தப் பள்ளத்தாக்கில் வெறும் தாவரவியற் கேள்வியாக என்றும் இருந்ததில்லை. பல்லேகலவை அடுத்த குண்டசாலையில் அரண்மனை அமைத்து வாழ்ந்த வீர நரேந்திரசிங்கன் 1739 இல் இறந்தபின், கண்டி அரியணை தென்னிந்திய நாயக்க வம்சத்துக்குச் சென்றது. 1815 இல் ஆங்கிலேயர் செய்த கண்டி ஒப்பந்தம், 'மலபார்' இனத்தாருக்கு அந்த அரியணையில் எவ்வித உரிமையும் இல்லை என்று எழுத்திலேயே அறிவித்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரைப் பெருந்தொகையாக நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று கூறுபோட்டது. கணக்கு ஓரளவு தீர 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2018 மார்ச்சில் இதே திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

மிமோசா பிக்ரா ஆற்றங்கரையை முள்வேலியாக்கி, பிற செடிகளை நெரிக்கிறது என்பது மெய். அதை 'வந்தேறி' என்பதில் பிழையில்லை. செடிக்குப் பொருந்தும் சொல்லை மனிதருக்கு மாற்றுவதில்தான் ஆபத்து தொடங்குகிறது. போவிட்டியா இலையை அவித்துக் குடித்துப் பிழைத்த குடும்பத்தை, உண்ணிச்செடியுடன் ஒரே பட்டியலில் வைக்க எந்தத் தாவரவியலும் இடம் தராது.

புல்வெளியும் குறைந்து வருகிறது. 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை பழைய தெல்தெனிய நகரையும் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியையும் நீரில் ஆழ்த்தியது. எஞ்சிய சரிவுகளில் கினியாப் புல் மேலேறுகிறது. வறண்ட காலத்தில் அது விரைவாகத் தீப்பிடிக்கும். பினரவைக் காக்கச் சட்டங்களும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த அம்மாவின் அறிவைக் காக்க யாரும் இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறார்களாம். செடிகளைப் பற்றி அவர்கள் கேட்பதில்லையாம்.

இதைப் படிப்பவர்களில் மலைநாட்டில் பிறந்து கனடாவிலோ இலண்டனிலோ தமிழ்நாட்டிலோ வாழ்பவர்கள் பலர் இருப்பீர்கள். உங்கள் அன்னையோ பாட்டியோ உயிருடன் இருந்தால், லயத்தைச் சுற்றி நின்ற செடிகளின் பெயர்களை, எந்த மொழிச் சொல்லாயினும், அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள். டிரைமென் விட்ட இடத்தை நிரப்ப வேறு வழி இல்லை.