திரையில் ஒரு விருந்துக் கூடம்

சரித்திர நாடகம் என்றவுடன் போர்க்களமும் அரசவையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஒரு காலத்து வாழ்க்கையை அக்காலத்தார் உணவருந்திய இடமே நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. எவர் அமர்ந்தனர், எவர் நின்றனர், எவருக்கு முதலிற் பரிமாறினர் என்பவற்றைக் கொண்டே ஒரு சமுதாயத்தை அறிந்துகொள்ளலாம்.

2010 முதல் 2015 வரை இங்கிலாந்தில் ஒளிபரப்பான 'டௌன்டன் ஆபி' என்னும் தொலைக்காட்சித் தொடரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஜூலியன் பெல்லோஸ் படைத்த இத்தொடரின் கதை 1912-இல், டைட்டானிக் கப்பல் மூழ்கிய செய்தியுடன் தொடங்குகிறது. பிரபுவின் குடும்பம் உண்பது மேல்தளத்தில். ஊழியர் உண்பது கீழ்த்தளத்தில். மேலே, பதார்த்தங்களை ஒவ்வொன்றாகக் கொணர்ந்து உண்பவரின் இடப்புறத்தில் நீட்டுகின்றனர். யாவற்றையும் ஒருங்கே மேசையிற் பரப்பிய பழைய பிரெஞ்சு முறைக்கு மாற்றாக, 19-ஆம் நூற்றாண்டில் பரவிய ருஷ்ய முறை இது. இதற்கு ஊழியர் பலர் வேண்டும். ஆதலின் இது செல்வச் சிறப்பையும் பறைசாற்றியது. கீழேயோ, பட்லர் மேசையின் தலைப்பில் அமர, ஏனையோர் தத்தம் தரத்திற்கேற்ப அமர்கின்றனர். மேலுள்ள ஏற்றத்தாழ்வு கீழும் தொடர்வதை நாம் காண்கிறோம்.

இவ்விரு கூடங்களும் உண்மையில் ஒரே கட்டடத்தில் இல்லை. மேற்கூடம் ஹாம்ப்ஷயரிலுள்ள ஹைகிளியர் மாளிகையின் உணவுக் கூடமே. வான் டைக் தீட்டிய முதலாம் சார்லஸ் மன்னரின் ஓவியம் அங்கே சுவரை அலங்கரிக்கிறது. சமையலறையும் ஊழியர் கூடமும் லண்டனில் ஈலிங் ஸ்டூடியோவில் அமைத்த அரங்குகள். தட்டேந்திப் படியேறும் பணியாள் ஓரூரிற் புறப்பட்டு வேறோர் ஊரில் வந்து சேர்கிறான்! பிரபுவின் கூடம் நிலைத்திருந்தது; உழைத்தோரின் கூடத்தையோ புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. இதுவும் ஒரு சரித்திரப் பாடமன்றோ?

தொடரின் சரித்திர ஆலோசகரான அலஸ்டேர் புரூஸ் மற்றொரு செய்தியை 2015-இல் வெளியிட்டார். குடும்பத்தினர் மேசைக்கு வந்து அமரும் கட்டத்தைத் தொடர் காட்டாது. உணவின் இடையிலேயே காட்சி தொடங்கும். அமர்வதைக் காட்டினால், அக்கால வழக்கப்படி உணவுக்கு முன் இறைவனுக்கு நன்றி கூறுவதையும் காட்ட நேரும். சமயத்தைத் தொட வேண்டாமெனத் தயாரிப்பாளர் தரப்பினர் கருதினராம்.

நாற்காலியிற் சாயாமல் அமரும் பாங்கிற்கூடக் கருத்துச் செலுத்திய தொடர் இது. எனினும் அம்மக்கள் உண்ணுமுன் செய்த முதற்செயலே அதில் இடம்பெறவில்லை. நூல்களினும் திரையின் வாயிலாகவே பலர் பழமையை அறியும் இந்நாளில், காட்டப்பட்டது சரியா என்று வினவுவதோடு நாம் அமைந்துவிடலாகாது. காட்டாமல் விடப்பட்டது யாது என்றும் வினவுவோமாக.