டீச்சருக்குப் பிடிச்ச மாதிரி ஒரு கட்டுரை

'மதுவின் தீமைகள்' கட்டுரை எழுதாம பள்ளிக்கூடத்தைத் தாண்டினவங்க நம்மள்ல எத்தனை பேர்? முன்னுரை, உடல் கேடு, குடும்பக் கேடு, முடிவுரை. பத்துக்கு ஏழு மார்க் நிச்சயம் :-)

அமெரிக்காவுல இந்த நம்பிக்கைக்கு நூறு வருஷத்துக்கும் மேல வரலாறு உண்டு. மேரி ஹன்ட்னு ஒரு அம்மணி, முன்னாள் ஆசிரியை. பெண்கள் மதுவிலக்குச் சங்கத்துல கல்விப் பிரிவைக் கவனிச்சவங்க. மதுவின் கேடுகளைப் பள்ளியில கட்டாயப் பாடமாக்க 1882-ல் வெர்மான்ட் மாநிலத்துல சட்டம் வரவச்சாங்க. இருபது வருஷத்துல நாடு முழுக்கப் பரவிடுச்சு. கொஞ்சம் குடிச்சாலும் விஷம்னு புத்தகம் சொல்லும், பிள்ளைங்க ஒப்பிக்கணும். அந்தப் புத்தகங்கள்ல மிகையும் தப்பும் நிறையன்னு 1903-ல் அறிஞர் குழு ஒண்ணு அறிக்கையே விட்டுச்சு.

அடுத்து 1983. லாஸ் ஏஞ்சலஸ் போலீசும் அந்த ஊர்ப் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து 'டேர்'ங்கற திட்டத்தை ஆரம்பிச்சாங்க. யூனிஃபார்ம் போட்ட போலீஸ்காரர் வகுப்புக்கே வந்து 17 பாடம் நடத்துவார். கடைசியில ஒவ்வொரு பிள்ளையும் கட்டுரை எழுதணும்: என்ன கத்துக்கிட்டேன், போதையை ஏன் தொடமாட்டேன். நல்ல கட்டுரையை மேடையில வாசிக்கச் சொல்லுவாங்க.

பலன்? ஆறாம் வகுப்புல படிச்ச ஆயிரம் பேரை 20 வயசுல திரும்பப் பார்த்தாங்க. 1999-ல் வந்த அந்த ஆய்வுப்படி, டேர் படிச்சவங்களுக்கும் வழக்கமான பாடம் படிச்சவங்களுக்கும் போதைப் பழக்கத்துல வித்தியாசமே இல்ல. 2009-ல் பாடத்திட்டத்தையே மாத்தி, முடிவெடுக்கப் பழக்குறதுக்கு முக்கியத்துவம் கொடுத்தாங்க.

கட்டுரைதான் காரணம்னு நான் சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க. வீட்டுல அப்பா தினம் குடிச்சுட்டு வர்றார். அந்தப் பையன் போலீஸ்காரர் படிக்கப்போற தாள்ல அதை எழுதுவானா? 'நான் குடிக்க மாட்டேன்'னு நாலு வரி எழுதிக் கைத்தட்டு வாங்கிட்டுப் போயிடுவான். எழுத்து யாருக்கு ரொம்பத் தேவையோ, அவன் வாய் திறக்காமலே போயிடறான்.

அதே டேர் வகுப்புல ஒரு பெட்டியும் இருந்துச்சு. பேர் போடாம கேள்வியை எழுதிப் போடலாம். மேடை கிடையாது, பரிசு கிடையாது. என்னைக் கேட்டா, கட்டுரையை விட அந்தப் பெட்டிதான் சரியான எழுத்துப் பயிற்சி. ஒப்பிக்கறதுக்கு எழுதறது வேற, கேக்கறதுக்கு எழுதறது வேற இல்லீங்களா?