பார்க்கிறதுக்குக் குடுத்த நெல்லு

போன வாரம் மகன் சென்னையிலிருந்து போன் பண்ணினான். "இன்னும் ஏம்ப்பா கேபிளுக்குக் காசு கட்டிக்கிட்டு இருக்கீங்க? கட் பண்ணச் சொல்லிடுங்க. எல்லாச் சேனலும் போன்லயே லைவ்வா வருது. நான் சப்ஸ்கிரிப்ஷன் போட்டுத் தர்றேன்" என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. "கணக்குப் பாத்துட்டுச் சொல்றேன்டா"ன்னு வைத்துவிட்டேன். கணக்குப் பார்க்க உட்கார்ந்தவன் ரொம்பப் பின்னால் போய்விட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒண்ணு சொல்லிக்கிறேன். எனக்கு ரூபாய்க் கணக்கு மனசில் ஏறாது. நெல்லாக மாற்றினால்தான் விளங்கும். அதனால் கீழே வருகிற கணக்கெல்லாம், மத்திய அரசு வருஷா வருஷம் சொல்கிற ஆதரவு விலையை வைத்து, சாதா ரக நெல்லுக்குப் போட்டது. கையில் வந்த விலை கூடக் குறைய இருந்திருக்கும். ஆனால் அளக்கிற படி ஒரே படியாக இருக்கணும் இல்லையா.

டிவிக்கு முன்னால் ரேடியோ. திருச்சி வானொலி நிலையம் 1939-ல் ஆரம்பித்தது. எங்க பக்கம் அதைத்தான் 'திருச்சி' என்றே சொல்வார்கள். "திருச்சியில மழைன்னு சொல்லிட்டான்" என்றால் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம். நான் சின்னப் பையனாக இருந்தபோது பஞ்சாயத்து ஆபீசில் ஒரு பெட்டி இருந்தது, வெளியே கூம்பு ஸ்பீக்கர். சாயங்காலம் விவசாய நிகழ்ச்சி போடும்போது பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். சும்மா பொழுதுபோக்கு இல்லை அது. 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற ரகம் வந்தபோது, ரேடியோவில் கேட்டுப் போட்டதால் ஜனங்கள் அதுக்கு 'ரேடியோ நெல்லு' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

பஞ்சாயத்து ரேடியோவைக் கேட்கக் காசு கிடையாது. வீட்டில் ரேடியோ வைத்தால் உண்டு. இப்ப உள்ள பிள்ளைகளுக்கு இது தெரியாது. ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் எடுக்கணும். வருஷத்துக்கு 15 ரூபாய், தபால் ஆபீசில் கட்டி, புத்தகத்தில் வில்லை ஒட்டி வாங்கணும். டிவிக்கு 50 ரூபாய். லைசென்ஸ் இல்லையென்றால் ஆள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக அதிகாரம் இருந்தது. 1982-ல் நெல் குவிண்டால் 122 ரூபாய். அப்படிப் பார்த்தால் ரேடியோவுக்கு வருஷத்துக்கு 12 கிலோ நெல், டிவிக்கு 41 கிலோ. 1980-களின் நடுவில் இந்த லைசென்ஸையே எடுத்துவிட்டார்கள். பார்க்கிறதுக்கும் கேட்கிறதுக்கும் அரசாங்கத்துக்குக் காசு கட்ட வேண்டாம் என்று ஆனது அப்போதுதான்.

எங்க ஊருக்கு முதல் டிவி ஒரு செட்டியார் வீட்டுக்கு வந்தது. சிங்கப்பூர்ப் பெட்டி. செட்டிநாட்டில் எதுவுமே முதலில் கப்பலில்தான் வரும். பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், அந்த வரிசையில் டிவியும். இதில் ஒரு வேடிக்கை. படம் எடுக்கிற வேலையே எங்க மண்ணில் நடந்திருக்கிறது. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் ஏவிஎம் ஸ்டுடியோவை முதலில் தேவகோட்டை ரஸ்தாவில்தான் போட்டார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். அப்புறம் ஸ்டுடியோ மெட்ராஸ் போய்விட்டது. படம் எடுத்த ஊர்ப்பக்கத்து ஜனங்கள் நாங்கள், படம் பார்க்க அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றோம்.

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ஆனால் அது எங்க பக்கம் எட்டாது. எங்களுக்கு முதலில் தெரிந்தது இலங்கை ரூபவாஹினி. 1982 பிப்ரவரியில் அங்கே ஆரம்பித்தார்கள், கடல் தாண்டி இங்கே வந்தது. இரும்புக் குழாயை உயரமாக நட்டு, ஆண்டெனா கட்டி, பூஸ்டர் மாட்டினால் ராத்திரியில் நல்லாவே தெரியும். பேசுகிறது பாதி சிங்களம். எங்க அப்பத்தாவுக்கு அதெல்லாம் கவலையே இல்லை. "அந்தப் புள்ள நல்லா வாசிக்குது"ன்னு சிங்களச் செய்தியை முழுசாகப் பார்க்கும். கொடைக்கானல் ஒளிபரப்பு வந்த பிறகுதான் எங்களுக்குத் தூர்தர்ஷன் ஒழுங்காகக் கிடைத்தது. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயிற்றுக்கிழமை படம், 'வயலும் வாழ்வும்'.

ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு ஒரு வீட்டில் ஆளுக்கு நாலணா வாங்கினார்கள். பெரிய வீட்டில் வாங்க மாட்டார்கள், ஆனால் பட்டாலைக்குள் எல்லாரையும் விடமாட்டார்கள். சிலர் உள்ளே உட்காரலாம், சிலர் முகப்போடு சரி, சிலர் ஜன்னலுக்கு வெளியே. யார் எங்கே என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். ஊரே ஒண்ணா உட்கார்ந்து டிவி பார்த்த காலம் என்று பட்டணத்து நண்பர்கள் ஆசையாக எழுதுகிறார்கள். ஒண்ணாத்தான் பார்த்தோம். ஜன்னல் கம்பி வழியாப் பார்த்தவனையும் சேர்த்துத்தான் ஒண்ணு. நாலணா வாங்கின வீட்டில் காசு கொடுத்தால் எங்கேயும் உட்காரலாம். சின்ன வயசில் எனக்கு அந்த வீடுதான் பிடிக்கும்.

அடுத்தது கேபிள். 1991 வளைகுடாப் போருக்குப் பின்னால் பெரிய ஊர்களில் தட்டு வைக்க ஆரம்பித்தார்கள். 1993 ஏப்ரல் 14, சித்திரை 1 அன்று சன் டிவி வந்தது. அதோடு கிராமங்களுக்கும் ஒயர் இழுத்துவிட்டார்கள். எங்க ஊரில் மாசம் 50 ரூபாய். அந்த வருஷம் நெல் குவிண்டால் 310. அப்படியானால் மாசத்துக்கு 16 கிலோ நெல்! கணக்குப் போட்டபோது நானே ரெண்டு தடவை சரிபார்த்தேன். இப்ப விலை ஏறிப்போச்சு என்று புலம்புகிறோம். நெல்லாகப் பார்த்தால் கேபிள் வந்த புதுசில்தான் அதிகமாகக் கொடுத்திருக்கிறோம். கொடுத்தது தெரியாமல் கொடுத்திருக்கிறோம்.

ஏன் தெரியவில்லை என்று யோசித்தேன். கேபிள் போட்டவர் உள்ளூர்க்காரர். மாசா மாசம் சைக்கிளில் வருவார். "அறுப்பு முடியட்டும் மாப்ள" என்றால் "சரி மாமா"ன்னு போய்விடுவார். தை மாசம் ஆறு மாசப் பாக்கியைச் சேர்த்து வாங்கிக்கொள்வார். சில வீட்டில் நெல்லாகவே வாங்கியிருக்கிறார். மானாவாரியும் கண்மாய்ப் பாசனமுமாக வருஷத்துக்கு ஒரு போகம் எடுக்கிற பூமி எங்களுடையது. காசு வருஷத்துக்கு ஒரு தடவைதான் முகம் காட்டும். அதுக்குத் தக்கபடி அவர் வசூல் பண்ணினார்.

2006-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் இலவசக் கலர் டிவி. செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒன்றரைக் கோடிக்கும் மேலே பெட்டிகள். ஜன்னல் கம்பியோடு நின்ற வீடுகளுக்கெல்லாம் சொந்தப் பெட்டி வந்தது. இதைக் கேலி பேசுகிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். ஆனால் பெட்டிதான் இலவசம், உள்ளே ஓடுகிறதுக்குக் காசு. மாடு சும்மா கொடுத்து வைக்கோலை விலைக்கு விற்ற கதை. கேபிள் தொழிலும் அப்போது பெரும்பாலும் ஒரு கை வசம் இருந்தது. 2007 அக்டோபரில் அரசு கேபிள் டிவி நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். அதன் பின்னால் இருந்த குடும்ப அரசியல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். குடும்பம் ராசியானதும் நிறுவனம் படுத்துக்கொண்டது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அதை எழுப்பி, மாசம் 70 ரூபாய் என்று வைத்தார். அந்த வருஷம் நெல் 1080. மாசத்துக்கு ஆறரைக் கிலோ. 1993-ல் கொடுத்ததில் பாதிகூட இல்லை. எனக்குத் தெரிந்து டிவி பார்க்கிற செலவு வீட்டுக்குப் பாரமாக இல்லாமல் இருந்தது அந்தச் சில வருஷம்தான்.

அப்புறம் 2017-ல் செட்டாப் பாக்ஸ். 2019 பிப்ரவரி 1 முதல் டிராய் புது விதி கொண்டுவந்தது. முதல் 100 சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. அதுக்குமேல் கட்டணச் சேனல் ஒவ்வொண்ணுக்கும் தனி விலை. வேணும்கிறதுக்கு மட்டும் காசு கொடுக்கலாம், நியாயம்தான். ஆனால் சன்னும் விஜய்யும் இல்லாமல் எந்த வீட்டில் நடக்கும்? 153 ரூபாய் என்றால் அன்றைக்கு எட்டே முக்கால் கிலோ நெல், சீரியல் சேனல்கள் சேராமலே.

கிரிக்கெட் கதை தனி. 1993 ஹீரோ கோப்பையை யார் ஒளிபரப்புவது என்று வந்த வழக்கில், காற்றலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. கண்மாய் பொதுச் சொத்து என்கிற மாதிரி. 2007-ல் வந்த சட்டம், நாட்டுக்கு முக்கியமான ஆட்டங்களைத் தனியார் வாங்கியிருந்தாலும் தூர்தர்ஷனுக்கும் கொடுக்கணும் என்றது. அதனால் கேபிளில் தூர்தர்ஷனைத் திருப்பினாலே இந்தியா ஆடுகிறது தெரிந்தது. 2017-ல் உச்ச நீதிமன்றம், அப்படி வாங்கின ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழியிலும் அதன் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் ஓடலாம், கேபிளிலும் தனியார் டிஷ்ஷிலும் கூடாது என்றது. பிறகு தரைவழி டவர்களையும் தூர்தர்ஷன் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. சட்டம் அப்படியே இருக்கிறது, மடையை மட்டும் அடைத்தாச்சு. மிச்சம் ஃப்ரீ டிஷ்தான். ஒரு தடவை தட்டுக்கும் பெட்டிக்கும் கொடுத்தால் அப்புறம் மாசக் காசு இல்லை. ஆனால் அதில் தமிழ்ச் சேனல் கொஞ்சம்தான். எங்க அம்மா பார்க்கிற சீரியல் அதில் வராது.

இப்ப போனுக்கு வருவோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா சும்மா என்றார்கள். பையன்கள் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தார்கள். 2023 ஐ.பி.எல். முழுசையும் ஜியோ சினிமாவில் இலவசமாகப் போட்டார்கள். 2025 பிப்ரவரியில் ஜியோவும் ஹாட்ஸ்டாரும் ஒண்ணாகி ஜியோ ஹாட்ஸ்டார் ஆனதும், போனில் மட்டும் பார்க்க மூணு மாசத்துக்கு 149 ரூபாய் என்றார்கள். 149 பெரிய காசு இல்லை, ஆறு கிலோ நெல். அதைக் குறை சொல்ல மாட்டேன். அதுக்குக் கீழே ஒளிந்திருக்கிற ரீசார்ஜ்தான் பெரிசு. 28 நாளுக்குத் தினம் ஒன்றரை ஜிபி தருகிற 239 ரூபாய்த் திட்டம், 2024 ஜூலையில் 299 ஆனது. 28 நாள் என்பதால் வருஷத்துக்கு 12 இல்லை, 13 தடவை. 3,887 ரூபாய். 2025-26-ல் நெல் விலை 2369. ஆகமொத்தம் 164 கிலோ, மூட்டை 60 கிலோ என்றால் மூணு மூட்டைக்குக் கொஞ்சம் கம்மி. அதுவும் ஒரு போனுக்கு.

நியாயமாகச் சொல்லணும். அந்த ரீசார்ஜில் பேசுகிறோம், வானிலை பார்க்கிறோம், இதோ இதை எழுதுகிறேன். எல்லாத்தையும் டிவி கணக்கில் எழுத முடியாது. நெல் விலை 310-லிருந்து 2369 ஆனதைப் பார்த்து நான் பணக்காரன் ஆகிவிட்டேன் என்றும் நினைக்காதீர்கள். ஆள் கூலியும் அறுப்பு மெஷின் வாடகையும் அதைவிட வேகமாக ஓடுகிறது.

முன்னால் ஒரு வீட்டுக்கு ஒரு காசு. ஒரு ஒயர் வந்தால் அம்மாவும் பார்க்கும், வந்த விருந்தாளியும் பார்ப்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் பார்க்கும். இப்ப தலைக்கு ஒரு காசு. விஜய் வேணும்னா ஒரு ஆப், சன்னுக்கு இன்னொண்ணு, ஜீக்கு இன்னொண்ணு. எங்க அம்மாவுக்கு ரெண்டு ரிமோட்டே அதிகம். சின்னத் திரையில் கண்ணும் தெரியாது. மழைக்காலத்தில் எங்க ஊரில் சிக்னலும் வந்தால்தான் உண்டு. இருபத்தெட்டாம் நாள் ராத்திரி நேரம் முடிந்தால் அவ்வளவுதான், அறுப்பு முடியட்டும் மாப்ள என்று யாரிடமும் சொல்ல முடியாது.

சென்னையில் மாசச் சம்பளம் வாங்குகிற மகனுக்கு ஸ்ட்ரீமிங் லாபம்தான். ஆபீஸ் விட்டு ராத்திரி பத்து மணிக்கு வருகிறவன், கேபிள் வைத்து என்ன பண்ணுவான்? எனக்கு ஐ.பி.எல். நடக்கிற மூணு மாசம் மட்டும் 149 கட்டினால் போதும், மற்ற மாசம் தண்டம். அம்மா இருக்கிறவரைக்கும் கேபிள் இருக்கும். இதை அவனிடம் சொன்னேன். "உங்க இஷ்டம்"னு சொல்லிவிட்டான், கொஞ்சம் வருத்தம்தான்.

நேத்து கேபிள்காரர் வந்திருந்தார். சைக்கிளில் வந்தவரின் மகன், இப்ப பைக். எங்க தெருவில் பாதி வீடு கட் பண்ணிவிட்டதாம். புரட்டாசியிலிருந்து எங்க வீட்டுப் பாக்கி நிற்கிறது. இந்த வருஷம் கண்மாய் முக்கால்தான் பெருகியிருக்கு, தையில் பார்ப்போம் என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டு போனார்.