முறுக்குவிசை மாற்றியும் அதன் பழுதறியும் முறைகளும்: ஒரு வரலாறு

தானியங்கி கியர்பெட்டி கொண்ட பல வண்டிகளில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே, மிதிக்கும் கிளட்ச்சுக்குப் பதிலாக, எண்ணெய் நிறைந்த ஒரு கலம் இருக்கும். இதுவே முறுக்குவிசை மாற்றி எனப்படுகிறது. பணிமனைகளில் இதை டார்க் கன்வெர்ட்டர் என்பர். உளுந்து வடை போன்ற வடிவமுடைய இக்கலத்தினுள் இதழ்கள் கொண்ட மூன்று சக்கரங்கள் உள்ளன. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பம்பு எண்ணெயை வீசுகிறது. அந்த எண்ணெய் மோதுவதால் கியர்பெட்டியோடு இணைந்த டர்பைன் சுழல்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள ஸ்டேட்டர், திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றிப் பம்புக்கே உதவியாக அனுப்புகிறது. வண்டி கிளம்பும்போது எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ இருமடங்காகப் பெருகுவது இதனால்தான்.

இக்கலம் பற்றவைத்து மூடப்பட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்தே ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால் நல்ல நிலையிலுள்ள கியர்பெட்டியே கழற்றப்பட்டு, உரிமையாளருக்குப் பெருஞ்செலவு ஏற்படும். இதன் வரலாற்றில் புதிய உறுப்பு ஒன்று சேர்ந்த போதெல்லாம் அதற்கே உரிய பழுதும், அதைக் கண்டறியும் சோதனையும் உடன் வந்தன. ஆகவே அந்த வரலாற்றை அறிந்தால், இன்றைய சோதனைகள் எதை அளக்கின்றன என்பதும் விளங்கும்.

கப்பலுக்காகப் பிறந்த கருவி

இக்கருவி காருக்காக உருவாக்கப்பட்டதன்று. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் (1877–1945), அன்றைய ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரிலிருந்த வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றினார். அந்நகரம் இன்று போலந்தில் உள்ளது. நீராவி டர்பைன்கள் மிக விரைவாகச் சுழல்பவை. கப்பலின் உந்துசுழலியோ மெதுவாகச் சுழன்றால்தான் நன்கு இயங்கும். அவ்வளவு பெரிய ஆற்றலைத் தாங்கும் துல்லியமான பற்சக்கரங்களை அன்று வெட்டுவது கடினம். எனவே பம்பையும் டர்பைனையும் ஒரே கூட்டில் வைத்து, நடுவில் திரவத்தைக் கொண்டு ஆற்றலைக் கடத்தும் முறைக்கு ஃபொட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்றார். 1913இல் கட்டப்பட்ட கோனிகின் லூயிஸ் என்ற பயணிகள் கப்பலில் இம்முறை பயன்பட்டது.

ஆனால் கடத்தப்படும் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு திரவத்தில் வெப்பமாக வீணாயிற்று. பற்சக்கரம் வெட்டும் தொழில்நுட்பம் முன்னேறியதும் கப்பல்களில் இதன் இடம் சுருங்கியது. வழுக்கலும் அதனால் எழும் வெப்பமும் இக்கருவியின் பிறவிக் குணங்கள். பின்னாளில் வந்த மாற்றங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் குறைக்கவே செய்யப்பட்டன.

ஒருவழி கிளட்ச்சும் ஸ்டால் சோதனையும்

ஃபொட்டிங்கரின் மாற்றியில் ஸ்டேட்டர் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது. டர்பைனின் வேகம் பம்பின் வேகத்தை நெருங்கியதும், அதே ஸ்டேட்டர் எண்ணெய்க்குத் தடையாகிவிடும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் நடந்த ஆய்வுகள் இதற்குத் தீர்வு கண்டன. ஸ்டேட்டரை ஒருவழி கிளட்ச்சின் மேல் அமர்த்தினால், தேவைப்படும்போது அது நிலைத்து நிற்கும். தேவை முடிந்ததும் எண்ணெயோடு சேர்ந்து சுழலும். டிரைலாக் எனப் பெயர் பெற்ற இவ்வமைப்பே இன்றைய கார்களின் மாற்றிகளுக்கு அடிப்படை.

இந்த ஒருவழி கிளட்ச் இரு வகையில் பழுதாகும். பிடிக்க வேண்டிய திசையில் வழுக்கினால், வண்டி கிளம்பும்போது சோர்ந்து போகும். வேகம் எடுத்தபின் இயல்பாக ஓடும். மாறாக, அது இறுகிக்கொண்டால் கிளம்புவதில் குறை தெரியாது. ஆனால் நெடுஞ்சாலையில் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வண்டி ஏறாது. எண்ணெயும் மிகையாகச் சூடாகும்.

முதல் வகைப் பழுதைக் காட்டுவது ஸ்டால் சோதனை. பிரேக்கை முழுவதும் மிதித்து, டி நிலையில் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி, எஞ்சின் எந்தச் சுழல்வேகத்தில் நிற்கிறது என்று பார்ப்பர். பல கார்களில் இது நிமிடத்துக்கு 2000 முதல் 2800 சுற்றுகள் வரை இருக்கும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் தரப்பட்டிருக்கும். வேகம் அதைவிட வெகுவாகக் குறைந்தால் ஸ்டேட்டர் வழுக்குகிறது, அல்லது எஞ்சினே வலுவிழந்துள்ளது எனலாம். அதிகமானால் கியர்பெட்டியின் உள் கிளட்ச்சுகள் வழுக்குகின்றன. இச்சோதனையில் எஞ்சினின் முழு ஆற்றலும் எண்ணெயில் வெப்பமாக மாறுவதால் ஐந்து வினாடிக்கு மேல் செய்யக் கூடாது. தயாரிப்பாளர் தடை செய்த வண்டிகளில் அறவே செய்யக் கூடாது. வண்டியின் முன்னே யாரும் நிற்கலாகாது. ஸ்டேட்டர் இறுகிய பழுதை இச்சோதனை காட்டாது; அதைச் சாலையில் ஓட்டித்தான் அறிய வேண்டும்.

சாலைக்கு வந்த மாற்றி

1940ஆம் மாதிரி ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்த ஹைட்ரா-மேட்டிக் கியர்பெட்டியில் திரவ இணைப்பு மட்டுமே இருந்தது. அதில் ஸ்டேட்டர் இல்லாததால் முறுக்குவிசை பெருகாது. இரண்டாம் உலகப் போரில் எம்18 என்ற அமெரிக்கக் கவச வண்டியில் முறுக்குவிசை மாற்றி இடம்பெற்றது. போருக்குப் பின், 1948ஆம் மாதிரி ஆண்டின் பியூக் ரோட்மாஸ்டரில் டைனாஃப்ளோ என்ற பெயரில் அது பயணிகள் காருக்கு வந்தது.

டைனாஃப்ளோ வழக்கமான ஓட்டத்தில் கியர் மாற்றுவதில்லை. எல்லா வேலையையும் மாற்றியே செய்தது. எஞ்சின் முதலில் இரைய, வண்டி பின்னர் மெல்ல வேகமெடுக்கும். இது பழுதன்று, வடிவமைப்பின் இயல்பு. பழுதறிதலின் முதற்பாடம் இங்கேயே உள்ளது: நல்ல நிலையில் அந்த வண்டி எப்படி ஓடும் என்பதை அறியாமல், அது வழுக்குகிறது என்று சொல்ல முடியாது.

லாக்-அப் கிளட்ச்

நிலையான வேகத்தில் ஓடும்போதும் பம்புக்கும் டர்பைனுக்கும் இடையே சிறு வழுக்கல் இருந்துகொண்டே இருக்கும். அவ்வேளையில் இரண்டையும் நேரடியாகப் பூட்டும் கிளட்ச்சை பேக்கார்டு நிறுவனம் 1949இல் தன் அல்ட்ராமேட்டிக் கியர்பெட்டியில் அமைத்தது. எரிபொருள் மலிவாக இருந்த காலத்தில் இது பரவவில்லை. 1973இன் எண்ணெய் நெருக்கடியும், சராசரி எரிபொருள் சிக்கனத்தைக் கட்டாயமாக்கிய 1975ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமும் நிலைமையை மாற்றின. கிறைஸ்லர் 1978ஆம் மாதிரி ஆண்டில் லாக்-அப் கிளட்ச்சைக் கொண்டுவந்தது. பிற நிறுவனங்களும் தொடர்ந்தன.

இதனால் புதிய பழுதுகள் பிறந்தன. பூட்டிய கிளட்ச் விடுபடாவிட்டால், வண்டியை நிறுத்தும்போது எஞ்சினும் அணைந்துவிடும். சாதாரண காரில் கிளட்ச்சை மிதிக்காமல் பிரேக் போட்டால் நிகழ்வதும் இதுவே. பூட்டவே பூட்டாவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் சற்றுக் கூடுதலாகச் சுழலும், எரிபொருள் செலவு ஏறும், எண்ணெய் சூடாகும்.

பெரும்பாலான வண்டிகளில் பிரேக் மிதியைத் தொட்டாலே லாக்-அப் விடுபடும். இதையே எளிய சோதனையாகப் பயன்படுத்தலாம். போக்குவரத்தில்லாத சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது, ஆக்சிலரேட்டரை மாற்றாமல் பிரேக் மிதியை மிக இலேசாகத் தொட வேண்டும். எஞ்சின் வேகம் சிறிது உயர்ந்து, காலை எடுத்தபின் மீண்டும் இறங்கினால் லாக்-அப் வேலை செய்கிறது. இருந்த அதிர்வு தொட்டவுடன் நின்றால், அது லாக்-அப் நிலையோடு தொடர்புடையது.

எண்ணெயும் அதிர்வும்

லாக்-அப் பூட்டும் வேளையில், வரிவரியாகப் புடைத்த சாலையில் ஓடுவது போன்ற நடுக்கம் சில வண்டிகளில் தோன்றும். கிளட்ச்சின் பரப்பு சீராகப் பிடிக்காமல் பிடித்தும் வழுக்கியும் மாறுவதே காரணம். இதில் எண்ணெயின் பங்கு பெரிது. உராய்வைச் சீராக்கும் சேர்மங்கள் அதில் கலந்துள்ளன. பழைய எண்ணெய்களில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயும் சேர்க்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்ததால் மாற்றுச் சேர்மங்களைத் தேட வேண்டியதாயிற்று. 1990களில் ஃபோர்டு கொண்டுவந்த மெர்கான் வி எண்ணெய், இந்த நடுக்கத்தைத் தடுப்பதையும் நோக்கமாகக் கொண்டது.

ஆகவே நடுக்கம் கண்டவுடன் மாற்றியைக் கழற்ற வேண்டியதில்லை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அதே தரத்து எண்ணெயை மாற்றிப் பார்ப்பது செலவு குறைந்த முதற்படி. வடித்த எண்ணெய் கருகிய வாடையுடன், உலோகத் துகள்களும் கொண்டிருந்தால் எண்ணெய் மாற்றம் மட்டும் போதாது.

குறியீடுகளின் காலம்

1996ஆம் மாதிரி ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களுக்கு ஓபிடி-2 என்ற பொதுப் பழுதறி முறை கட்டாயமானது. எஞ்சின் வேகத்தையும் டர்பைன் தண்டின் வேகத்தையும் ஒப்பிட்டு, கணினியே வழுக்கலைக் கணக்கிடத் தொடங்கியது. லாக்-அப் பூட்டவில்லை எனில் பி0741, விடுபடவில்லை எனில் பி0742, மின்சுற்றில் குறை எனில் பி0743 ஆகிய குறியீடுகள் பதியும்.

குறியீடு விளைவைத்தான் சொல்கிறது; பழுதான உறுப்பின் பெயரைச் சொல்வதில்லை. பி0741 வந்தால் சோலினாய்டு வால்வு, தேய்ந்த வால்வு உடல், கசியும் சீல், தவறான எண்ணெய், மாற்றியின் கிளட்ச் ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம். தெர்மோஸ்டாட் திறந்தே நின்று எஞ்சின் சூடேறாவிட்டால், கணினி லாக்-அப் ஆணையையே இடாது. எஞ்சினின் ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால், பூட்டிய நிலையில் அந்த உதறல் நேரே கடத்தப்பட்டு மாற்றியின் நடுக்கம் போலவே தோன்றும். எண்ணெய் அளவு, எஞ்சின் நிலை, மின்சுற்று, அழுத்தம் என்ற வரிசையில் பார்த்து, கடைசியாகவே மாற்றியைக் கழற்ற வேண்டும் என்பது இதனால்தான். மாற்றியை மாற்றும்போது குளிர்விப்பானையும் அதன் குழாய்களையும் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அங்கு தங்கிய துகள்கள் புதிய மாற்றிக்குள் போய்ச் சேரும்.

தானியங்கி வண்டிகள் அனைத்திலும் இக்கருவி இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 2014இல் மாருதி செலேரியோவுடன் இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏஎம்டி வகையில் இருப்பது சாதாரண கியர்பெட்டியே. அதன் கிளட்ச்சைக் கருவி ஒன்று இயக்குகிறது. அத்தகைய காரின் உலுக்கலுக்கு முறுக்குவிசை மாற்றியைக் காரணம் காட்டி யாரேனும் செலவுப்பட்டியல் தந்தால், அதை ஏற்க வேண்டியதில்லை.