தங்கவயல் காற்றில் இரண்டு குட்டி இன்ஜின்கள்

கோலார் தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக் கடற்கரையைவிட இங்கே காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. மூச்சு விடும் நமக்கு அந்த 8 சதவீதம் உறைக்காது. ஒன்றரை சிசி மாதிரி விமான இன்ஜினுக்கு நன்றாகவே உறைக்கும். சென்னையில் கச்சிதமாக டியூன் செய்ததை இங்கே கிளப்பினால் புகை கக்கும், சுற்று இறங்கும். காற்று குறைந்த அளவுக்கு எரிபொருள் குறையவில்லை. எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் நீடிலைக் கொஞ்சம் உள்ளே திருகினால் கலவை சரியாகிவிடும். சிலிண்டருக்குள் இறங்கிப்போன அழுத்தத்தை என்ன செய்வது? மாதிரி விமான இன்ஜின்களின் இரு வகைகளான டீசலும் குளோவும் பிரியும் இடம் இதுதான்.

இங்குள்ள பெமல் ஆலையின் புல்டோசர்களைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு டீசல் என்றால் இன்ஜெக்டர்தான் நினைவுக்கு வரும். மாதிரி டீசலில் அது கிடையாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறக்குறைய சம பங்காகக் கலந்து, காற்றோடு உறிஞ்சப்பட்டு, அழுத்தத்திலேயே பற்றிக்கொள்ளும். 1946-இல் வந்த பிரிட்டனின் மில்ஸ் 1.3 இந்த வகை; கல்கத்தாவின் அரோரா டீசல்களும் இதே வகைதான். சிலிண்டரின் தலையில் ஒரு திருகு இருக்கும். அது உள்ளே இருக்கும் எதிர்ப்பிஸ்டனைக் கீழே தள்ளி அழுத்தத்தைக் கூட்டும். தங்கவயலின் உயரத்துக்கான மருந்து அந்தத் திருகிலேயே இருக்கிறது. இன்ஜின் ஓடும்போதே கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகி, காதால் கேட்டுச் சரிசெய்யலாம். விட்டுவிட்டு வெடித்தால் அழுத்தம் போதவில்லை, திணறினால் அதிகம். எரிபொருள் தேங்கிய சிலிண்டரை மட்டும் அழுத்தத்தோடு வம்படியாகச் சுற்றக் கூடாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

குளோவில் அந்தத் திருகு இல்லை. 1947-இல் அமெரிக்காவின் ரே ஆர்டன் சந்தைக்குக் கொண்டுவந்த குளோ பிளக்கில், ஒன்றரை வோல்ட் பேட்டரியில் சிவக்கும் பிளாட்டினம் கம்பி, பேட்டரியை எடுத்த பிறகும் மெத்தனாலின் வேதிவினையாலும் எரியும் சூட்டாலும் கனன்றுகொண்டே இருக்கும். இங்கே அழுத்தத்தைக் கூட்ட, இன்ஜினை நிறுத்தி, ஹெட்டைக் கழற்றி, அடியிலுள்ள மெல்லிய தகடுகளான ஷிம்களில் ஒன்றை எடுக்க வேண்டும். 0.1 மில்லிமீட்டர் எடுத்தாலே குணம் மாறும். அளவு மீறினால் பட்டாணி வறுக்கிற சத்தம் வரும், பிளக் கம்பி அறுந்து போகும். குளோ எரிபொருளில் சேர்க்கும் நைட்ரோமீத்தேனின் விலையை நினைத்தால், ஷிம்மைக் குறைத்து வெறும் மெத்தனாலும் விளக்கெண்ணெயும் ஊற்றி ஓட்டுவது எனக்குப் புத்திசாலித்தனமாகவே படுகிறது.

எரிபொருள் வழியிலும் வேறுபாடு பெரிது. ஒரே அளவு காற்றுக்கு மெத்தனால் மண்ணெண்ணெயைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வேண்டும். குளோவுக்கு டேங்க் பெரிதாகத்தான் இருக்கும். காற்று போதவில்லை என்று காற்று நுழையும் வென்சூரித் துளையை லேத்தில் பெரிதாக்குவோர் உண்டு. துளை பெருத்தால் உறிஞ்சும் விசை குறையும். மூக்கை மேலே தூக்கியதும் இன்ஜின் பட்டினியில் அணையும். சைலன்சரிலிருந்து டேங்குக்கு ஒரு டியூப் இழுத்து அழுத்தம் கொடுத்தால் குளோ பிழைத்துக்கொள்ளும். டீசலில் துளையைத் தொடாமல், டேங்கின் நடுமட்டத்தை நீடிலின் மட்டத்துக்குக் கொண்டுவருவதே பெரும்பாலும் போதும்.

ரேடியோ கன்ட்ரோலில் சுற்றை ஏற்றி இறக்க வேண்டியவருக்குக் குளோதான் சரி. கம்பியில் பிடித்துப் பறக்கவிடும் கன்ட்ரோல் லைன் விமானத்தில் தொடங்கும் பிள்ளைக்கு இந்த ஊரில் நான் டீசலையே கொடுப்பேன், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க. ஈதர் 35 டிகிரிக்குள்ளேயே கொதிக்கும், சட்டென்று தீப்பிடிக்கும். புட்டி திறந்து கிடந்து ஈதர் பறந்துவிட்டால், திருகை எவ்வளவு இறுக்கினாலும் இன்ஜின் கிளம்பாது.