எஞ்சாயி எஞ்சாமி

எஞ்சாயி எஞ்சாமி, அரக்கோணத்தைச் சேர்ந்த ராப் பாடகர் அறிவு எழுதி, பாடகி தீயுடன் சேர்ந்து பாடிய தனிப்பாடல். சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். ஏ.ஆர். ரகுமானின் ஆதரவோடு தொடங்கப்பட்ட மாஜா நிறுவனம் 2021 மார்ச் 7 அன்று வெளியிட்டது. சினிமாவைச் சாராத இந்தத் தமிழ்ப் பாட்டை யூடியூபில் 40 கோடிக்கும் மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறார்கள். இலங்கை மலையகத்தின் கொத்மலைப் பக்கத்துத் தொழிலாளர் லயங்களில் இதைக் கேட்பவர்களுக்கு அந்தக் கணக்கைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு: பாட்டின் வேர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது.

அறிவின் பாட்டி வள்ளியம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியாக இருந்தவர். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த 1948லேயே வந்த குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. யாருக்காக ஒப்பந்தமோ, அவர்களை யாரும் கேட்கவில்லை. அட்டன் போன்ற நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை, வழியனுப்ப வந்தவர்களின் அழுகையால், ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாம். தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த மலையில் ஒரு துண்டு நிலமும் சொந்தமில்லாமல் போனவர்களில் வள்ளியம்மாவின் குடும்பமும் ஒன்று.

நட்டவருக்கு நிலம் இல்லை என்பதே பாட்டின் கரு. அறிவு அதைப் புலம்பலாக மட்டும் விடவில்லை. மண், மரம், பறவை, முன்னோர் எல்லாரையும் கூப்பிட்டுக் கொண்டாடும் துள்ளலுக்குள் ஒப்பாரி நுழைகிறது. நடனமும் துக்கமும் ஒரே தாளத்தில் நடக்கின்றன. சாவு வீட்டில் பறையடித்து ஆடும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘எஞ்சாமி’ என்ற சொல்லும் அப்படித்தான் இரண்டு பக்கம் பார்க்கிறது. ஆண்டைக்கு முன்னால் கைகட்டிச் சொன்ன அதே சொல், பேரப்பிள்ளையைக் கொஞ்சும் கிழவியின் வாயிலும் இருக்கிறது. அமித் கிருஷ்ணன் இயக்கிய காணொளியில் வள்ளியம்மாவே தோன்றுகிறார். பாட்டின் மிக வலுவான இடம் அதுதான்.

வரவேற்போடு சர்ச்சையும் வந்தது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீயும், கனடாவின் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு அறிவுக்கென்று இணைய அட்டை ஒன்று வந்தது. கண்டனம் நியாயமானது, பாட்டியின் கதையைக் கொடுத்தவரின் முகம் முதல் அட்டையிலேயே இருந்திருக்க வேண்டும்.

2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் தீயும் இதைப் பாடினார்கள். அந்த மேடையில் இல்லாத அறிவு, பாட்டு தன் உழைப்பு என்று இன்ஸ்டாகிராமில் எழுதினார். அறிவு, தீ, தான் என மூவரும் சேர்ந்து உருவாக்கியது, வருமானத்திலும் உரிமையிலும் மூவருக்கும் சம பங்கு என்பது சந்தோஷ் நாராயணன் தந்த விளக்கம். 2024 மார்ச்சில் அவரே, பாட்டு வெளியாகி மூன்றாண்டு ஆகியும் தங்களுக்கு ஒரு பைசாவும் வந்து சேரவில்லை என்று அறிவித்தார்.

அறிவு பின்னர் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’.