இலை பூவான கதை

சென்ற மார்கழியில் என் வீட்டு ரோஜாச் செடியில் ஒரு விபரீதம் நடந்தது. மலர்ந்த பூவின் நடுவிலிருந்து பச்சைக் கொம்பு ஒன்று கிளம்பி இலை விட்டிருந்தது. கொம்பு என்றால் நீண்டுகொண்டே போவது. பூ என்றால் அந்த நீட்சி முடிகிற இடம். முடிந்த இடத்தில் மறுபடியும் ஆரம்பமா? எனக்கு ஜெர்மானிய மகாகவி கதேயின் நினைவு வந்தது. இப்படிப்பட்ட ரோஜாவை அவரும் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்.

1774-ல் ஒரு காதல் நாவலால் ஐரோப்பாவையே கலங்க அடித்தவர் கதே. பிறகு வைமர் சமஸ்தானத்தில் உத்தியோகம். 1786 செப்டம்பர் 3, விடியற்காலை மூன்று மணி. ஓய்வுக்காகச் சென்றிருந்த ஊரிலிருந்து, மாற்றுப் பெயருடன் இத்தாலிக்குக் கிளம்பிவிட்டார்.

பாதுவா நகரத்துத் தாவரத் தோட்டத்தில் 1585-ல் நட்ட பனை ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. அடியில் ஈட்டிபோல் ஒற்றை இலை. மேலே போகப் போகப் பிளவுபட்டு, கடைசியில் விசிறி. ஒரே இலைக்கு இத்தனை உருவமா என்று நின்றுவிட்டார் கவி.

1790-ல் 123 பத்திகள் கொண்ட சிறு நூலாக விடை வந்தது. இலை, புல்லிதழ், அல்லிதழ், கேசரம் எல்லாம் ஒரே உறுப்பு போடும் வேஷங்கள். கொம்பில் கணுவுக்குக் கணு விலகி நிற்பவை பூவில் நெருங்கி வட்டமாகக் கூடுகின்றன என்றார். வழக்கமான பதிப்பாளர் நூலை ஏற்கவில்லை, வேறொருவர் அச்சிட்டார். கவிஞனுக்குச் செடி ஆராய்ச்சி எதற்கு என்பதே பலருடைய எண்ணம்.

சாறு படிப்படியாகத் தூய்மையடைந்து பூவாகிறது என்று அவர் கருதியது நிலைக்கவில்லை. மூலக் கருத்து நிலைத்தது. 1991-ல் கோயன், மேயரோவிட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள், மூன்று வகை மரபணுக்கள் சேர்ந்தும் பிரிந்தும் பூவின் உறுப்புகளை வகுக்கின்றன என்று விளக்கினார்கள். முதல் வகை தனித்து நின்றால் புல்லிதழ். அதனுடன் இரண்டாவது சேர்ந்தால் அல்லிதழ். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் கேசரம். மூன்றாவது மட்டும் என்றால் சூலகம். மூன்றும் செயலிழந்தால்? வட்டம் வட்டமாக இலைகளே முளைக்கின்றன! மூன்றாவது வகைக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு: 'வளர்ந்தது போதும்' என்று நுனியை நிறுத்துவது. அது பிசகினால் பூவுக்குள்ளும் வளர்ச்சி தொடரும்.

ஒரே மனிதன் சூழ்நிலைக்கேற்ப எத்தனை மனிதனாகிறான் என்று பார்ப்பதுதானே கதை எழுதுகிறவன் தொழில்? கதே அந்தக் கண்ணோடுதான் தோட்டத்துக்குள் நுழைந்தார். தொழிலை விட்டு அவர் எங்கும் போய்விடவில்லை.

என் மனைவி கத்தரிக்கோலுடன் வந்தாள். "இருக்கட்டும்" என்றேன்.